ஆகாரிடம் கேட்கப்பட்ட கேள்வி



ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குத் தாயும் தகப்பனும் காலையிலேயே புறப்பட்டுப் போனால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்பிள்ளைதான். படிப்பு நின்றுவிடுகிறது. வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியே விட்டுப்போகப் பயந்து, 16, 17 வயதிலேயே சொந்தத்தில் கல்யாணத்தை முடித்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. ஆகவே இளவயதுக் கர்ப்பம் என்றவுடன் கெட்டுப்போன பிள்ளையின் கதை என்று எண்ண வேண்டாம். பல வேளைகளில் அது தாலி கட்டிய பிள்ளையின் கதை.

சீட்டு எழுதும் இடத்தில் தாயார் "வயசு 19" என்பார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்வாள். சட்டத்துக்குப் பயந்துதான் இந்தப் பொய். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 நிறையாத பிள்ளையின் சம்மதம் சம்மதமாகாது. கணவனுக்கும் விலக்கில்லை என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், நாங்களும் தெரிவிக்கிறோம். (கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னது பலருக்குத் தெரியாது.)

ஆனால் பயந்து வீட்டிலேயே வைத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. இந்த வயதில் இரத்தசோகையும், இரத்தக் கொதிப்பும், அதனால் வரும் வலிப்பும் அதிகம். மாதாமாதம் பரிசோதித்தால் முன்னமே கண்டுபிடிக்கலாம். மறைத்துவைக்கப்பட்ட பிள்ளையோ எட்டாம் மாதத்தில் கால் வீங்கி வருகிறாள்.

கல்யாணமாகாத பிள்ளையானால் சபையும் சேர்ந்துகொள்கிறது. அவளைத் திருவிருந்திலிருந்து விலக்குகிறோம். வாலிபன் பாடகர் குழுவில் நிற்கிறான். எங்கள் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் அப்படியொரு தீர்மானத்தில் நாங்களும் கையெழுத்திட்டோம். அந்தப் பிள்ளை பிறகு கோயில் வாசலை மிதிக்கவேயில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் கர்ப்பிணியான ஆகார் வனாந்தரத்து நீரூற்றண்டையில் இருக்கிறாள். தேவதூதர் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று விசாரிக்கிறார். யார் குற்றம் என்று கேட்கவில்லை. எங்கள் வார்டில் முதல் நாள் இவ்விரண்டையும் மாத்திரமே கேட்கிறோம். கேட்டால், படிக்க ஆசை என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விரும்பும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் உங்கள் காணிக்கையிலிருந்து கொடுத்திருக்கிறோம். பரீட்சை நாட்களில் கைக்குழந்தையை மாமியார் வைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் பேச இந்த வாரம் போகிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள்.