படைக்கலம் துறந்தோரின் மனத்துயர்



போர் நடக்குங் காலத்திலே தற்கொலை மிகும் என்று நம்மிற் பலர் எண்ணுவர். ஆய்ந்தறிந்தோர் கண்டது வேறு. பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் டூர்கைம், 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே, போர்க்காலங்களில் தற்கொலை குறைவதை எடுத்துக்காட்டினார். உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் இராஜதுரையும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், போர் மூண்ட காலத்திலே யாழ்ப்பாணத்தில் அது குறைந்தமையைப் பதிவு செய்துள்ளது. பொது ஆபத்து மனிதரைப் பிணைக்கின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடமையைத் தருகின்றது. ஆபத்து நீங்கியதும் அப்பிணைப்புத் தளர்ந்துவிடுகின்றது.

ஆதலின், ஆயுதம் ஏந்தியோர்க்கு ஆபத்துக் களத்தோடு முடிவதில்லை. பிரித்தானியாவில் 1996 முதல் 2005 வரை படையை விட்டு நீங்கியோரை ஆராய்ந்தனர். 24 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய ஆடவரிடையே தற்கொலை, அதே வயதுடைய பொதுமக்களிடையே காணப்பட்டதினும் இரண்டு மூன்று மடங்காயிருந்தது. நீங்கிய முதலிரண்டு ஆண்டுகளே மிகக் கடினமானவை.

நம் நாட்டிலே 2009 மே மாதம் போர் முடிவுற்றது. ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுப் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். தென்னிலங்கைக் கிராமங்களுக்கும் படைவீரர் பலர் அங்கம் இழந்து திரும்பினர். நின்ற பக்கம் வேறாயினும் இவர்தம் துயர் ஒரு தன்மையதே.

தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. பல சுமைகள் ஒன்றாய்ச் சேர்கின்றன. உடலினுள் தங்கிய குண்டுச் சிதறலின் ஓயாத நோவு, கண்மூடினால் மீண்டுவரும் களக்காட்சி, தோழர் மாளத் தான் பிழைத்த குற்றவுணர்வு, தொழிலின்மை, கடன், மது என்பன அவற்றுட் சில. இங்குள்ள முன்னாட் போராளிகளுக்கோ ஒருபுறம் கண்காணிப்பு. மறுபுறம் அயலவர் ஐயமும் ஒதுக்கலும்.

கைக்கெட்டிய நஞ்சும் ஓர் ஆபத்தே. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. மாள வேண்டும் என்னும் உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்திலே தணியக் கூடியது. அந்நேரத்தைக் கடந்தவர் பலர் நெடிது வாழ்கின்றனர். எனவே, தோட்டஞ் செய்வோர் கிருமிநாசினியைப் பூட்டி வைத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது இன்னும் ஒன்றுண்டு. உங்கள் அயலிலே அத்தகைய ஒருவர் உறக்கமின்றி, பேச்சுக் குறைந்து, எவரையும் காணாது ஒதுங்கியிருப்பாராயின், அவர் வீட்டுப் படலையைத் திறந்து செல்லுங்கள். "தம்பி, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றுவதில்லை; சொல்ல முடியாதிருந்ததைச் சொல்ல வழி பிறக்கின்றது. தற்கொலைக்கு முயலுதல் 1998ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே குற்றமன்று. ஆதலால் உதவி நாட அஞ்ச வேண்டுவதில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளநல மருத்துவம் உண்டு. 1926 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் பேசலாம். முதன்முறை தனியே செல்லத் தயங்குவாராயின், நீங்களும் உடன் செல்லுங்கள்.