முதல் மூச்சைத் தாங்கும் மெல்லிய படலம்

குறைமாதத்தில் பிறக்கும் சிசுக்கள் மூச்சுவிட முடியாமல் தவிப்பதற்கு அவற்றின் நுரையீரல் சிறிதாக இருப்பதே காரணம் என்று எம்மிற் பலர் எண்ணுவதுண்டு. அது முழு உண்மையன்று. காற்றை ஏற்கும் நுண்பைகள் பெரும்பாலான சிசுக்களிடம் உருவாகியே இருக்கின்றன. அவற்றைத் திறந்த நிலையில் வைத்திருக்கும் ஒரு படலமே போதியளவு சுரந்திருப்பதில்லை. சர்பக்டன்ட் என மருத்துவ உலகம் அழைக்கும் இப்பொருள் இன்று மருந்தாகவும் கிடைக்கின்றது.

உட்புறம் ஈரமான பொலித்தீன் பையொன்றைத் திறக்க முயன்றவர்கள் அதன் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதை அறிவர். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் மேற்பரப்பு இழுவிசையே இதற்குக் காரணமாகும். வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் 30 கோடி முதல் 50 கோடி வரையிலான சிற்றறைகள் உள்ளன. அவை யாவும் உள்ளே ஈரமானவை. குமிழி சிறிதாகச் சிறிதாக அதனைச் சுருக்கும் அமுக்கம் அதிகரிக்கும் என்பது பௌதிக விதி. ஆகவே மூச்சை வெளிவிடும் ஒவ்வொரு தடவையும் இச்சிற்றறைகள் சுருங்கி ஒட்டிப்போக வேண்டும். அவ்வாறு நிகழாதிருப்பதற்கு சர்பக்டன்டே காரணம்.

சிற்றறைச் சுவரிலுள்ள ஒருவகைக் கலங்கள் இதனைச் சுரக்கின்றன. இதில் ஏறத்தாழ 90 சதவீதம் கொழுப்புப் பொருட்கள், எஞ்சியவை புரதங்கள். இக்கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விலக்கும். சவர்க்காரமும் இவ்வாறானதே. எனினும் அந்த உவமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. மூச்சை வெளிவிடும்போது இம்மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு இழுவிசையை ஏறக்குறைய பூச்சியத்துக்கே கொண்டுவருகின்றன. சாதாரண சவர்க்காரத்தால் அது இயலாது.

கருவில் சுமார் 24 வாரங்களில் சுரக்கத் தொடங்கும் இப்பொருள், 34 அல்லது 35 வாரங்களிலேயே போதிய அளவை எட்டுகின்றது. அதற்கு முன் பிறக்கும் சிசு ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப்போன நுரையீரலைப் புதிதாக விரிக்க வேண்டியுள்ளது. நெஞ்சு உட்குழிகின்றது, முனகல் எழுகின்றது, உடல் நீலம் பாரிக்கின்றது. ஈற்றில் சிசு களைத்துப்போகின்றது.

நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிடத் திரவத்தால் நிரப்புவது எளிது என்பதை 1929 இல் கேர்ட் வொன் நீர்காட் காட்டினார். மேற்பரப்பு இழுவிசையின் பங்கு அப்போதே வெளிப்பட்டிருந்தும் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1950களில் பிரித்தானியாவில் ரிச்சர்ட் பற்றிலும் அமெரிக்காவில் ஜோன் கிளெமென்ட்ஸும் இதனை மீண்டும் கண்டறிந்தனர். இருவருமே இராணுவ இரசாயன ஆய்வுகூடங்களில் பணியாற்றியவர்கள். போர்க்கால நச்சு வாயுக்கள் பற்றிய ஆய்வுகளின் நிழலில் சிசுக்களைக் காக்கும் அறிவு பிறந்தது விநோதமே. மூச்சுத்திணறி இறந்த சிசுக்களின் நுரையீரலில் இப்பொருள் குறைவாக இருந்ததை 1959 இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீட்டும் நிறுவினர்.

நோயின் காரணம் தெரிந்திருந்தும் மருந்து இருக்கவில்லை. 1963 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடியின் மகன் பட்றிக் ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்தான். 39 மணித்தியாலங்களில் இதே நோயால் இறந்தான். ஒரு வல்லரசின் தலைவருக்கும் கிட்டாதிருந்த சிகிச்சை அது.

கொழுப்புப் பொருளை மாத்திரம் புகையாக ஊட்டும் முயற்சிகள் 1960களில் தோல்வியுற்றன. படலம் விரைந்து பரவுவதற்குப் புரதங்களும் அவசியம் என்பது பின்னரே விளங்கியது. 1980 இல் ஜப்பானின் புஜிவாரா குழுவினர், மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த மருந்தை 10 குறைமாதச் சிசுக்களின் மூச்சுக்குழாயினுள் நேரடியாகச் செலுத்திய பெறுபேற்றை வெளியிட்டனர். அதன் பின்னர் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. இன்று சிசு தானாகவே மூச்செடுத்துக்கொண்டிருக்க, மெல்லிய குழாயொன்றினூடாக மருந்தைச் செலுத்தும் முறையும் கையாளப்படுகின்றது. வளர்ந்தவர்களின் கடும் சுவாசச் செயலிழப்பில் இதே மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அங்கு நுரையீரலே அழற்சியால் சேதமுற்றிருப்பதால் ஊட்டப்படும் படலமும் செயலிழந்துவிடுகின்றது.

எமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய விடயமொன்று இங்குண்டு. பயன்பாட்டிலுள்ள பிரதான மருந்துகளுள் சில மாட்டிலிருந்தும் ஒன்று பன்றியிலிருந்தும் பெறப்படுபவை. புரதத்தையொத்த செயற்கைப் பொருள் சேர்த்த மருந்தொன்றுக்கு 2012 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதிலும், 2015 இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. முஸ்லிம் பெற்றோருக்குப் பன்றியும், இந்துப் பெற்றோர் சிலருக்கு மாடும் தயக்கத்தை ஏற்படுத்துவது இயல்பே. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமிய சட்டவியலில் நன்கறியப்பட்ட விதி. மாட்டிலிருந்து பெற்ற மருந்து கைவசம் இருக்கையில் அந்நிர்ப்பந்தம் பொருந்துமா என்று கேட்போரும் உளர். ஒப்பீட்டாய்வுகளில், கூடிய அளவில் கொடுக்கப்பட்ட பன்றி வழி மருந்து ஓரளவு மேலான பலனைக் காட்டியது. ஆனால் அதற்குக் காரணம் விலங்கா அல்லது மருந்தின் அளவா என்பது தீர்மானிக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் பிரசவ அறையின் வாசலில், சிசு திணறிக்கொண்டிருக்கும் நிமிடங்களில் ஆராய முடியாது. குறைமாதப் பிரசவ அபாயம் தெரியவந்த உடனேயே வைத்தியர்கள் மருந்தின் மூலத்தைப் பெற்றோருக்குக் கூறிவிடுவதும், பெற்றோர் தமது மார்க்க அறிஞரை முற்கூட்டியே வினவிக்கொள்வதும் முறையாகும்.

விலங்கு பற்றிய கேள்வியே எழாத, மலிவான வழியொன்றும் உண்டு. நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 1972 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஏற்றப்படும் ஸ்டெரொயிட் ஊசி கருவின் நுரையீரலையே முதிரச் செய்து சர்பக்டன்டைச் சுரக்கவைக்கின்றது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வும் சிசு மரணங்கள் இதனால் குறைவதை உறுதிசெய்தது. ஆனால் ஊசி முழுப்பலன் தருவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் அவகாசம் வேண்டும். ஆகவே மாதம் நிறையுமுன் இடைவிட்டு வயிற்றுவலி வந்தாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ விடியட்டும் எனக் காத்திராது, சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலையைத் தாய் அடைந்துவிட வேண்டும். கருவிலுள்ள சிசுவுடன் தாயை இடம்மாற்றுவது, பிறந்த பின் சிசுவை அம்புலன்ஸில் கொண்டுசெல்வதைவிடப் பாதுகாப்பானது.