பிரசவம் முடிஞ்சாச்சு, ஆபத்து முடிஞ்சிடுச்சா? 42 நாட்கள் வீடு தேடி வரும் நர்ஸ் என்னென்ன பார்க்கிறார்?

குழந்தை பிறந்தாச்சு. தாயும் சேயும் நலம் என்று சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு. சில நாட்களில் டிஸ்சார்ஜும் ஆகிவிடுகிறது. அதோடு கவலை விட்டது என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால், மருத்துவக் கணக்கு அங்கே முடிவதில்லை. பிரசவத்துக்குப் பிறகான முதல் 6 வாரங்கள், அதாவது 42 நாட்கள், தாயையும் குழந்தையையும் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டிய காலம்.

இந்த 42 நாட்களில் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. அங்கே டாக்டர் இல்லை. அம்மா, மாமியார், கணவர், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வதுதான் சட்டம். தாய் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தூங்குகிறார், காய்ச்சல் வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதை எல்லாம் அந்த வீடுதான் முடிவு செய்கிறது. அதனால்தான் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவர் வந்து என்ன பார்க்கிறார்? அவரிடம் என்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன 42 நாள் கணக்கு?

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, அது தொடர்பான காரணத்தால் ஒரு பெண் உயிரிழந்தால் அதை மகப்பேறு மரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 6 வாரங்கள் ஆகும். அதற்குள் அதிக ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, உயர் ரத்த அழுத்தம், கால் நரம்புகளில் ரத்தம் உறைதல் போன்ற சிக்கல்கள் வரலாம். சிலருக்குப் பிரசவம் முடிந்த பிறகுதான் பிரஷரே ஏறும்.

குழந்தைக்கு முதல் வாரம் இன்னும் முக்கியம். பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முதல் 7 நாட்களுக்குள் இறக்கின்றன என்பது உலக அளவிலான கணக்கு.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிக்கு வருவது இப்போது பெரிய பிரச்சினை இல்லை. 2019-21ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கு 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் அது 54. குறைவுதான். ஆனால், அந்த 54 பேரும் ஒரு வீட்டின் மகள்கள். இந்த எண்ணிக்கை மேலும் குறைய வேண்டும் என்றால், ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய பிறகு நடப்பதையும் கவனித்தாக வேண்டும்.

யார் வருவார்? எப்போது வருவார்?

கிராமங்களில் கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லோரும் "நர்ஸம்மா" என்று கூப்பிடுவது இவரைத்தான். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. நகரங்களில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர்கள் இந்த வேலையைப் பார்க்கிறார்கள். மலைக் கிராமங்கள் போன்ற இடங்களில் ஆஷா பணியாளர்களும் இருக்கிறார்கள்.

பச்சிளம் குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் நாடு முழுவதும் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில், மொத்தம் 6 முறை வர வேண்டும். வீட்டிலேயே பிரசவம் நடந்திருந்தால் முதல் நாளும் சேர்த்து 7 முறை. 42-வது நாளில் குழந்தைக்கு 6 வாரத் தடுப்பூசி போடும் நேரமும் சரியாக வந்துவிடும்.

தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர்களும் தங்கள் பகுதி செவிலியருக்குத் தகவல் சொல்லலாம். "நாங்க பிரைவேட்ல பார்த்தோம், அவங்க வர மாட்டாங்க" என்று விட்டுவிட வேண்டாம்.

வந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்?

தாய்க்கு: காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கின் அளவு, துர்நாற்றம் இருக்கிறதா, தையல் சிவந்திருக்கிறதா, மார்பு கட்டியிருக்கிறதா, காலில் வீக்கமா என்று பார்ப்பார். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது அதே ஆய்வு. அப்படியென்றால் கிட்டத்தட்ட பாதி வீடுகளில் ஆபரேஷன் புண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

குழந்தைக்கு: எடை, உடல் சூடு, மூச்சு, தொப்புள் கொடி, தோலின் நிறம் ஆகியவற்றைப் பார்ப்பார். பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பால் போதுகிறதா என்று சந்தேகமா? முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்தால் பெரும்பாலும் பால் போதுகிறது என்று அர்த்தம். 2.5 கிலோவுக்குக் குறைவான குழந்தை என்றால் தாயின் நெஞ்சோடு தோல் ஒட்ட வைத்து அணைக்கும் கங்காரு முறையைச் சொல்லித்தருவார்.

உடம்பை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. வீட்டுக்கு வருவதன் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது.

ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்கிறது 5-வது குடும்ப நல ஆய்வு. ரத்தம் குறைவாக உள்ள தாய்க்குச் சாதாரண ரத்தப்போக்கே ஆபத்தாக மாறலாம். இதற்கு அரசு இலவசமாகவே இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்கள், தினம் ஒன்று சாப்பிட வேண்டும். ஆனாலும் மாத்திரை அட்டை அப்படியே அலமாரியில் கிடக்கிறது. ஏன்?

கிளினிக்கில் கேட்டால் "சாப்பிடுறேன் மேடம்" என்றுதான் பதில் வரும். வீட்டுக்கு வந்தால்தான் காரணம் தெரியும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருப்பார். அது இயல்புதான், பயப்பட வேண்டாம். அல்லது டீயோடு சேர்த்து மாத்திரை போட்டிருப்பார். டீ, காபி இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுபவருக்கு முட்டையும் கீரையும் மிஞ்சுவதில்லை. இதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. சமையல்கட்டுதான் காட்டும். அதனால், "அந்தப் பொண்ணுக்கு முதல்ல சோறு போடுங்க" என்று மாமியாரிடமும் கணவரிடமும் சொல்வதும் செவிலியரின் வேலையில் சேர்ந்ததுதான்.

வேலையும் இப்படித்தான். 2017 சட்டத் திருத்தப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்ணுக்கு அந்த விடுப்பு கிடைப்பதில்லை. கூலி இல்லாமல் அடுப்பு எரியாது என்ற நிலையில் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினால் முதலில் நிற்பது தாய்ப்பால்தான். "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. வேலைக்குப் போகும்போது பாலைப் பீய்ச்சி எடுத்து வைப்பது எப்படி, அதை யார் சுத்தமான கிண்ணத்தில் புகட்டுவது என்று அந்த வீட்டுக்கு ஏற்ற வழியைச் சொல்ல வேண்டும்.

தாய் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போவது நம் ஊர் வழக்கம். மனசுக்குத் தெம்பு கிடைக்கும். ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்தது மாமியார் ஊர் செவிலியரிடம். பிரசவத்துக்குப் பிறகு இருப்பது அம்மா ஊரில். இரண்டு செவிலியர்களுமே "அவங்க பார்த்துக்குவாங்க" என்று நினைத்தால், அந்தத் தாயை யாருமே பார்க்காமல் போகலாம்.

இதற்குத்தான் பிக்மி பதிவும், அதில் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணைச் சொன்னால் பரிசோதனை விவரங்களைப் பார்க்க முடியும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவை. ஊர் மாறும் முன் பழைய செவிலியரிடம் சொல்லிவிட்டு, போன ஊரில் புதியவரிடமும் பதிவு செய்யுங்கள்.

சேனை, வசம்பு, பத்தியம்... எது சரி?

பாட்டி வைத்தியம் எல்லாமே தப்பு இல்லை. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, எண்ணெய் தேய்த்துக் குளியல் எல்லாம் தாய்க்கு ஓய்வோடும் சத்தோடும் கிடைத்தால் நல்லதுதான். ஆபத்தானவை மட்டும் தனியே தெரிந்திருக்க வேண்டும்.

* பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் கடுமையான நச்சுத் தொற்று வர வாய்ப்பு உண்டு.
* மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் நிறைந்திருக்கிறது.
* வசம்பு, உரை மருந்து எதுவும் வாயில் ஊற்றக் கூடாது.
* மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம்.
* தொப்புளில் சாம்பல், எண்ணெய், பவுடர் வேண்டாம். காய்ந்து தானாக விழட்டும்.
* "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. பால் கொடுப்பவருக்குத் தாகம் அதிகம் எடுக்கும். கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும்.

சும்மா சும்மா அழுகிறாரா?

பிரசவம் ஆன முதல் இரண்டு வாரத்துக்குள் அழுகை, எரிச்சல் வருவது பலருக்கும் இயல்பு. தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். "பால் குடுக்கிற பொண்ணு அழக் கூடாது" என்று அடக்கினால் அது சரியாகாது. சிகிச்சை உண்டு, குணமாகும்.

செவிலியர் சில நேரம் "எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லித் தாயிடம் தனியாகப் பேசுவார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணவரின் குடி, அடி உதை, பெண் குழந்தை பிறந்ததற்கான ஏச்சு போன்றவற்றை வீட்டார் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். மனநல ஆலோசனைக்கு 14416, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்களை அழைக்கலாம்.

அரசு தரும் பணம் எவ்வளவு?

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987ல் தொடங்கியது. இப்போது தகுதியுள்ள பெண்களுக்கு இரண்டு பிரசவங்கள் வரை, தலா மொத்தம் 18,000 ரூபாய் கிடைக்கிறது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். 4,000 ரூபாய் மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வது முக்கியம். குழந்தையின் தடுப்பூசிகளும் தவறக் கூடாது. தவணை வரவில்லை என்றால் முதலில் செவிலியரிடம்தான் கேட்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனவர்களை வீட்டில் கொண்டுவிட 102 வாகனம் இலவசம்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

தாய்க்கு:

* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவு ரத்தப்போக்கு
* 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்துடன் கசிவு
* கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு
* ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
* தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுவது

குழந்தைக்கு:

* பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது
* நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது
* உடம்பு அனலாகக் கொதிப்பது அல்லது சில்லென்று இருப்பது
* உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் நிறம்
* வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ்

இதில் ஒன்று தெரிந்தாலும் செவிலியர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 108. சந்தேகம் மட்டும்தான் என்றால் 104-ல் கேட்கலாம்.

பல வீடுகளில் ஆபத்து அறிகுறி தெரிந்த பிறகும் நேரம் போவது ஒரே காரணத்தால்தான்: "அவர் வரட்டும், கேட்டுட்டுப் போகலாம்." கணவர் வேலையில் இருப்பார், மாமனார் வெளியூர் போயிருப்பார். யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று பிரசவத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். செவிலியரின் போன் நம்பர், ஆர்.சி.எச். எண், கொஞ்சம் கைப்பணம், கூட வர ஒரு ஆள். இந்த நான்கும் தயாராக இருந்தால் போதும்.