எந்த ஊரை எழுதுவது?

கட்டுரைப் பாடத்திலே ‘எனது ஊர்’ என்னும் தலைப்பைப்போல் ஆசிரியனுக்கு இலகுவானது பிறிதொன்றில்லை. பள்ளிவாசல், குளம், சந்தை, ஊர்ப் பெரியார் என நான்கு பந்தி எழுதினால் மாணவன் தப்பிவிடுவான், திருத்துபவனும் தப்பிவிடுவான். கற்பிட்டிக் குடாநாட்டுப் பாடசாலையொன்றிலே, சில ஆண்டுகளின் முன், யானும் அத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதிரையில் அமர்ந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“எந்த ஊர எழுதுறது சேர்? வாப்பாட ஊரயா, நான் பொறந்த ஊரயா?”

சிலர் சிரித்தனர். எனக்கு விடை தெரியவில்லை. கணியன் பூங்குன்றனாரைக் காட்டி அவளைத் தேற்றவும் மனம் வரவில்லை. ஊரைத் தானே விட்டுப் புறப்பட்டவனும், ஊரினின்று துரத்தப்பட்டவனும் ஒருவரல்லர் அன்றோ!

அவள் தந்தை மன்னாரிலிருந்து வந்தபோது சிறுவன். 1990 ஒக்ரோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பறிபோயின. மன்னார்த் தீவினர் பலர் படகேறி இக்கரையில் வந்திறங்கினர். துரத்தியவர் பேசியதும் தமிழ்; துரத்தப்பட்டவர் பேசியதும் தமிழ். தமிழ் கற்பித்து உண்ணும் என்போன்றோர் இதனை மெல்லிய குரலிற் சொல்லுதல் தகாது.

புத்தளத்து மக்கள் வந்தோர்க்குச் சோறு கொடுத்தனர். விறாந்தையும் தோட்டமும் கொடுத்தனர். மதீனத்து அன்சாரிகள் முஹாஜிர்களை ஏற்ற வரலாறு அந்நாளிற் பலர் வாயில் வழங்கிற்று. ஆயின் வாரங்கள் ஆண்டுகளாயின. கிணற்று நீர், தோட்டக் கூலி, பாடசாலை வாங்கு யாவும் பங்கிடப்பட்டபோது முகங்கள் சற்றே சுருங்கின. அதனையும் மறைத்தல் நேர்மையன்று.

அறிஞர் இதனை ஆராயாமலில்லை. மன்னார் மண்ணின் மைந்தரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியருமான எஸ். எச். ஹஸ்புல்லாஹ், 2001இல் வெளியான தம் ஆங்கில நூலில் இம்மக்களை ‘மறக்கப்பட்டோர்’ என்றார். நோர்வே நாட்டுப் புவியியலாளர் கத்தரின் புரூன், ‘அகதி’ என்னும் பெயர் உணவுப் பங்கீட்டைப் பெற்றுத் தந்த அதேவேளை உள்ளூராராகும் வாயிலை அடைத்தும் வைத்தது என்பதை ஆராய்ந்தார். மானிடவியலாளர் ஷாரிகா திராணகமவின் 2011ஆம் ஆண்டு நூலோ ‘ஊர்’ என்ற நம் சொல்லையே உரைகல்லாகக் கொண்டது: முதியோர்க்கு ஊர் என்பது விட்டு வந்த மண், இளையோரோ அந்நினைவையும் சுமந்துகொண்டு தம் வருங்காலத்தைப் புத்தளத்திற் காண்கின்றனர். என் மாணவி கேட்டதும் அதுவே. அவள் ஒரே வாக்கியத்திற் கேட்டாள்.

2009இல் போர் முடிந்தபின் திரும்பலாமே என்பார் உளர். முசலிப் பகுதியிலே ஆளற்ற நிலம் காடாகிக் கிடந்தது. அதிற் சில பகுதிகள் 2012இல் ஒதுக்குக் காடென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. வீடு கட்டப் போனவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவரெனப் பழி சுமந்தனர். 2019 நவம்பரில், சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னார் சென்றோரின் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. வாக்கு ஓரிடம், வாழ்வு ஓரிடம். இடையிலுள்ள வீதியிலும் காவலில்லை.

அன்று கரும்பலகையில் ‘எனது’ என்பதை அழித்து, ‘எங்கள் வீட்டார் ஊர் என்பது எதனை?’ என எழுதினேன். வீட்டு மூத்தோரிடம் கேட்டு வருக என்றேன். உள்ளூர்ப் பையன் ஒருவன், தன் பாட்டி பெரிய பானை இரவல் வாங்கி முன்பின் அறியாதோர்க்கு உலையேற்றியதை எழுதினான். மற்றொருவன், ‘அவர்கள் வந்ததால் வாப்பாவுக்குக் கூலி குறைந்தது’ என எழுதினான். அதனை யான் வெட்டவில்லை. வகுப்பில் உரக்கப் படிப்பித்தேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு அம்மாணவி, “எங்கட வாப்பாவும் அதத்தான் சொல்றவர் சேர், கூலி கொறவுதானாம்,” என்றாள். இம்முறை சிரிப்பு வேறு வகையாய் இருந்தது.

அவள் கொப்பியில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்றில் அவள் கண்டிராத ஒரு கிணறு. அதன் நீரின் சுவையை உம்மும்மா சொன்னபடியே எழுதியிருந்தாள். மற்றதில் களப்பும், உப்புக் காற்றும், வெங்காயத் தோட்டமும். ஒரு கட்டுரைக்கு ஓரூர்தான் என்னும் விதி எந்த இலக்கண நூலிலும் இல்லையாதலின் முழுப் புள்ளியும் இட்டேன். எழுத்துப் பிழை மூன்றிருந்தன. அவற்றைச் சிவப்பு மையாற் சுழித்தேன்.