நீரை அளந்து அறிவோம்

மாணவர்களே! நம் நாட்டின் நகரங்கள் பலவற்றில் குழாய்நீர் நாள் முழுவதும் வருவதில்லை. குறித்த நேரத்தில் வந்து, சிறிது நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் வீட்டுத் தொட்டி நிறையுமா? அந்நீர் குடும்பத்திற்குப் போதுமா? இவற்றை நாமே கணக்கிட்டு அறியலாம்.

ஒரு தொட்டி கொள்ளும் நீரின் அளவு கொள்ளளவு எனப்படும். குறிப்பிட்ட நேரத்தில் பாயும் நீரின் அளவு ஓட்ட வீதம் எனப்படும். ஓட்ட வீதத்தை நேரத்தைச் சேர்க்காமல் கூற இயலாது.

தொட்டியின் கொள்ளளவு

ஒரு தொட்டியின் நீளம் 1.5 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 80 செ.மீ. என்க. பெருக்குவதற்கு முன் மூன்றையும் ஒரே அலகிற்கு மாற்ற வேண்டும். 80 செ.மீ. என்பது 0.8 மீட்டர்.

1.5 × 1 × 0.8 = 1.2 கன மீட்டர்
1 கன மீட்டர் = 1,000 லிட்டர்
கொள்ளளவு = 1,200 லிட்டர்

அலகை மாற்றாமல் பெருக்கினால் 120 கன மீட்டர், அதாவது 1,20,000 லிட்டர் என்னும் பொருந்தா விடை வரும். அது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்தின் நீராகும்!

குழாயின் ஓட்ட வீதம்

10 லிட்டர் வாளி 40 வினாடியில் நிறைகிறது எனில், ஓட்ட வீதம் வினாடிக்கு 0.25 லிட்டர், நிமிடத்திற்கு 15 லிட்டர், மணிக்கு 900 லிட்டர். எனவே தொட்டி நிறைய 80 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரமே நீர் வந்தால் தொட்டி நிறையாது. ஆயினும் கவலை வேண்டா. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கொண்டால், ஐவருக்கு 675 லிட்டர் போதும்.

அணையின் கணக்கு

வீட்டுத் தொட்டிக்குரிய இக்கணக்கே அணைக்கும் பொருந்தும். காவிரியின் குறுக்கே 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் மூன்று அளவுகளை வெளியிடும். நீர்மட்டம் அடியிலும், நீர் இருப்பு டி.எம்.சி.யிலும், நீர் திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் குறிக்கப்படும். 1 கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் திறந்தால்,

10,000 × 86,400 = 86,40,00,000 கன அடி = 0.864 டி.எம்.சி.

அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்வரத்து இல்லையெனில், முழு அணையும் கணக்கின்படி ஏறத்தாழ 108 நாள்களுக்கே வரும். நட்ட பயிர் அறுவடை வரை தாங்குமா என்னும் உழவரின் கேள்விக்கு இத்தகைய கணக்கே விடை தருகிறது.

பயிற்சி

1. கொள்ளளவு, ஓட்ட வீதம்: வேறுபாட்டை இரு தொடர்களில் எழுதுக.
2. உங்கள் வீட்டுக் குழாயின் ஓட்ட வீதத்தை வாளியும் கடிகாரமும் கொண்டு அளந்து எழுதுக.
3. ஒழுகும் குழாயிலிருந்து 10 நிமிடத்தில் அரை லிட்டர் நீர் வீணாகிறது. ஒரு நாளில் வீணாவது எத்தனை லிட்டர்? அது ஒருவரின் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேலா, கீழா?