ஊட்டி ரயிலுக்கு வைத்தியம் பார்க்கும் பொன்மலை!

ஊட்டி மலை ரயிலை நிர்வகிப்பது சேலம் கோட்டம். சேலத்துக்காரர்களிலேயே பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 2007-ல் கோட்டம் உருவானபோது மேட்டுப்பாளையம் - ஊட்டி பாதையும் அதன் கைக்கு வந்தது. ஆனால், அந்த நீராவி இன்ஜினுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் போகிற பெரிய ஆஸ்பத்திரி, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை.

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை ஆரம்பத்தில் துறைமுக ஊரான நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு மாறியது. இடமாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. 1928-ல் நாகை, போத்தனூர், பொன்மலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5-ம் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பழைய கட்டடம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்விண்டன் ரயில் பணிமனை 1986-ல் மூடப்பட்டது. இப்போது அதன் கட்டடங்களில் ஒரு பக்கம் அருங்காட்சியகம், இன்னொரு பக்கம் கடைகள். சுவர் பிழைத்தது, வேலை போய்விட்டது. பொன்மலையில் இன்னும் வேலை நடக்கிறது. அதுதான் பெரிய விஷயம்!

ஊட்டி ரயிலின் பழைய இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தில் செய்தவை. தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும். பொன்மலைக்காரர்கள் உதிரிபாகத்தோடு நிற்கவில்லை. முழு இன்ஜினையே செய்தார்கள். 2011-ல் எண்ணெயில் ஓடும் இன்ஜின் வந்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் இன்ஜின். நீராவி யுகம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, புத்தம் புதிதாக!

2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது மலைப்பாதையைத்தான், பொன்மலையை அல்ல. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பலகை மாட்டினால் கட்டடம் நிற்கும். பாய்லர் வேலை தெரிந்த மூத்தவர் ஓய்வு பெறுவதற்குள் பக்கத்தில் ஓர் இளைஞரை நிறுத்தாவிட்டால், அந்த மலை ரயில் எத்தனை நாள் ஓடும்?

சேலம் - நாமக்கல் - கரூர் பாதையில் 2013 முதல் பயணிகள் ரயில் ஓடுகிறது. கரூரிலிருந்து திருச்சி பக்கம்தான். பணிமனைக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.