நிபுணர்களையே கவிழ்த்த போலி ஒயின்! பதநீர் குடிக்கிறவர்களே, உஷார்!!

மம்சாபுரம்,

ஒரு பாட்டில் ஒயின் விலை பல லட்சம் ரூபாய்! வாங்கியவர்கள் கோடீஸ்வரர்கள். ருசி பார்த்தவர்கள் ஒயின் விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். அத்தனை பேர் கண்ணிலும் ஒரே ஆள் மண்ணைத் தூவினான்.

அவன் பெயர் ரூடி குர்னியவான். இந்தோனேசியாவில் பிறந்தவன். அமெரிக்காவில் சொகுசாக வாழ்ந்தவன். விலை குறைந்த ஒயின்களை வீட்டிலேயே கலப்பான். பழைய பாட்டிலில் ஊற்றி, பழைய காலத்து லேபிள் ஒட்டுவான். அபூர்வச் சரக்கு என்று தலையில் கட்டிவிடுவான்.

குட்டு வெளிப்பட்டது

2008-ல் நியூயார்க் ஏலத்துக்கு 'குளோ சான் டெனி' என்ற பிரெஞ்சு ஒயின் வந்தது. லேபிளில் 1945 முதல் 1971 வரை ஆண்டுகள். அதன் தயாரிப்பாளர் லோரான் போன்சோ பதறிப்போய் நேரிலேயே வந்துவிட்டார். காரணம், அவர் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான்!

2012-ல் குர்னியவான் கைதானான். 2014-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2021-ல் நாடு கடத்தப்பட்டான்.

நாக்கு கோட்டை விட்டதைத் தேதி பிடித்துக் கொடுத்தது!

நம்ம ஊரில்...

"அது பணக்காரன் சமாச்சாரம். நமக்கு என்னப்பா?" என்று கேட்கலாம்.

கோடை வந்துவிட்டால் மம்சாபுரத்துக்காரர் ராஜபாளையம் போனாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும் சரி, "பதநீர், பதநீர்" என்ற சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. அதில் அசலும் உண்டு. சாக்கரின் கலந்த தண்ணீரும் உண்டு. பதநீருக்கு லேபிளும் கிடையாது, தேதியும் கிடையாது. இங்கே நாக்குதான் போலீஸ்!

பிடிப்பது எப்படி?

ஒயின் நிபுணர்கள் முதலில் நிறம் பார்ப்பார்கள். அப்புறம் மோந்து பார்ப்பார்கள். பிறகுதான் ஒரு மிடறு. அதையும் உடனே விழுங்காமல் வாயில் வைத்திருப்பார்கள். பட்டையில் வாங்கும் பதநீருக்கும் இதையே செய்யுங்கள்.

அசல் பதநீர் லேசாகக் கலங்கலாக இருக்கும். சுண்ணாம்பு வாசனை மெல்ல வரும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீரில் சுண்ணாம்பு கலக்க எவ்வளவு நேரம் ஆகும்? விழுங்கிய பிறகு நாக்கைக் கவனியுங்கள். அசல் இனிப்பு சீக்கிரம் மறைந்துவிடும். சாக்கரின் இனிப்பு போகவே போகாது; கடைசியில் ஒரு கசப்பு தட்டும். புளிப்பும் நுரையும் இருந்தால் நேரம் கடந்த பதநீர்.

எதோடு எது?

ஒயின்காரர்களிடம் ஒரு விதி உண்டு. சாப்பிடும் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாயில் போட்டுவிட்டுப் பதநீர் குடித்துப் பாருங்கள், புரியும்! பதநீர் முதலில், பால்கோவா பிறகு. பதநீரோடு சேர்த்துச் சாப்பிட நுங்கு இருக்கிறது. நறுக்கிய மாங்காய்த் துண்டும் இருக்கிறது.

கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே பாளைச் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கள்ளுக்கடையில் கப்பக்கிழங்கும் காரமான மீன் குழம்பும் வைத்து ருசித்துக் குடிக்கிறார்கள். இந்தப் பக்கம் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்கிறது!

யார் வயிற்றில் அடி?

பனையேறி காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறிப் பாளை சீவுகிறார். சீசனோ சில மாதம்தான். சாக்கரின் தண்ணீர் விற்கிறவன் எந்த மரமும் ஏறுவதில்லை. அதனால் அவன் விலையைக் குறைக்கலாம். பனையேறியால் குறைக்க முடியாது. நியூயார்க்கில் ஏமாந்தவன் கோடீஸ்வரன். இங்கே ஏமாறுவது நீங்கள். பட்டினி கிடப்பது பனையேறி.

உணவு பாதுகாப்பு அதிகாரிகள் சீசனில் ரோட்டோரம் இறங்கிச் சோதனை போட வேண்டும். அதுவரை நாமே போலீஸ்.

முதல் மிடறை அவசரப்பட்டு விழுங்காதீர்கள்!